மூச்சைக் காத்து மார்பைத் திறந்த வரலாறு

கொல்கத்தாவிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் தெற்கு நோக்கி வரும் ரயில் வண்டிகளில் பயணம் செய்த நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். வண்டி காட்பாடிச் சந்திப்பை நெருங்கும்போது, வங்காளமும் அஸ்ஸாமியமும் பேசும் குடும்பத்தினர் படுக்கைகளைச் சுருட்டிக்கொண்டு, எக்ஸ்ரே படங்கள் அடங்கிய உறையைப் பத்திரமாகக் கையில் பிடித்துக்கொண்டு, இறங்குவதற்கு ஆயத்தமாவர். அவர்கள் வேலூர் மருத்துவமனைக்குச் செல்பவர்கள். அவர்களுள் சிலர் மார்பைத் திறந்து செய்யும் சிகிச்சைக்காக வருபவர்கள். பிற மாநிலங்களில் வாழும் நம்மிடம், தமிழர் என்ற காரணத்தால், அங்குள்ள வசதிகளைப் பற்றி அண்டை வீட்டார் விசாரிப்பதும் உண்டு. வெவ்வேறு சொற்களில் அவர்கள் கேட்பது ஒரே வினாவைத்தான். மார்பைத் திறந்தால் மனிதர் பிழைப்பாரா என்பதே அவ்வினா.

இன்று இதற்கு நம்பிக்கையோடு விடை கூறலாம். 1900-ஆம் ஆண்டில் உலகின் தலைசிறந்த ரண சிகிச்சை நிபுணரிடம் இதே வினாவைத் தொடுத்திருந்தால், அவர் தலையை அசைத்து மௌனமாயிருந்திருப்பார். இதில் வியப்பு யாதெனில், அதற்குள் வயிற்றைத் திறந்து சிகிச்சை செய்வது வழக்கத்திற்கு வந்துவிட்டது. 1846-இல் பாஸ்டன் நகரில் ஈதர் மயக்க மருந்து மக்கள் முன்னிலையில் நிரூபிக்கப்பட்டது. 1867-இல் லிஸ்டர் என்பவர் புண்ணில் கிருமிகளை அழிக்கும் முறையை வெளியிட்டார். 1881-இல் வியன்னா நகரில் பில்ரோத் என்பவர் இரைப்பையின் ஒரு பகுதியையே அறுத்தெடுத்து நோயாளியைப் பிழைக்க வைத்தார். வயிற்றின் ஆழம் வரை சென்ற அந்தக் கைகள், அதற்கு ஒரு சாண் மேலே உள்ள மார்பின் முன் தயங்கி நின்றது ஏன்? விலா எலும்புகளை அறுக்கும் கருவிகள் அவர்களிடம் இருந்தன. இரும்புக்கு இடம் கொடுக்கும் எலும்பு அவர்களைத் தடுக்கவில்லை. கண்ணுக்குப் புலனாகாத காற்றே தடுத்தது.

இதை விளங்கிக்கொள்ளக் கொல்லன் உலைக்களத்துத் துருத்தியை நினைவில் கொள்வோம். துருத்தி விரியும்போது காற்று உள்ளே புகுகிறது, சுருங்கும்போது வெளியேறுகிறது. நம் மார்புக்கூடும் இவ்வாறே இயங்குகிறது. நுரையீரலுக்குத் தானே விரியும் ஆற்றல் இல்லை. விலா எலும்புகள் உயர்ந்து, கீழேயுள்ள உதரவிதானம் தாழும்போது மார்புக்கூடு விரிகிறது. அதன் உட்சுவரோடு ஒட்டியிருக்கும் நுரையீரலும் கூடவே விரிகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்றே உள்ளது. அங்கே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவு. நுரையீரலோ இழுத்துக் கட்டிய ரப்பர் போல எந்நேரமும் சுருங்கவே முயல்கிறது. அதைச் சுருங்கவிடாமல் பிடித்துவைத்திருப்பது இந்த அழுத்த வேறுபாடுதான்.

மார்புச் சுவரில் ஒரு துளையிட்டால் என்ன நிகழும்? வெளிக்காற்று அவ்வழியே உள்ளே பாயும். அழுத்த வேறுபாடு மறையும். நுரையீரல் கைப்பிடியளவாகச் சுருண்டுவிடும். துருத்தியின் தோல் கிழிந்தபின் கொல்லன் எத்தனை முறை அழுத்தினும் உலையில் தீ எழாது அன்றோ! மேலும், மார்பின் நடுவிலுள்ள இதயமும் பெருங்குழாய்களும் ஒவ்வொரு மூச்சுக்கும் இப்பக்கமும் அப்பக்கமுமாக ஊசலாடத் தொடங்கும்; எஞ்சிய மற்றொரு நுரையீரலும் திணறும். நோயாளி நீலம் பாரித்துச் சில நிமிடங்களில் உயிர் துறப்பார். கத்தி தவறாமல், குருதி பெருகாமல், மூச்சு ஒன்றே தடைப்பட்டு மரணம் நேரும்.

ஆயினும், பண்டைக் காலத்திலேயே மருத்துவர் சிலர் மார்பில் கத்தி வைத்தனர் என்பதும் உண்மையே. கிரேக்க நாட்டில் ஹிப்போகிராட்டிஸ் பெயரால் வழங்கும் நூல்களில், நெஞ்சினுள் சீழ் கட்டிய நோயாளிக்கு விலா எலும்புகளின் இடையே கீறிச் சீழை வெளியேற்றும் முறை கூறப்பட்டிருக்கிறது. சீழ் முழுவதையும் ஒரே நாளில் வெளியேற்றலாகாது. சணல் துணித் திரியால் துளையை அடைத்து, நாள்தோறும் ஒருமுறை சிறிது சிறிதாக விடவேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி. இம்முறையில் பலர் பிழைத்ததற்குக் காரணம் உண்டு. நாட்பட்ட சீழ்க்கட்டு நுரையீரலை மார்புச் சுவரோடு இறுக ஒட்டவைத்துவிடும். ஒட்டிய நுரையீரல் துளையிட்டாலும் சுருண்டுவிடாது. காரணத்தை முற்றும் அறியாமலேயே, காத்திருப்பதன் நன்மையை அம்மருத்துவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

பிற்காலத்தவர் பெரிதும் தேடி அலைந்த விடையும் நெடுங்காலத்திற்கு முன்பே கண்டறியப்பட்டுவிட்டது. 1543-இல் வெசேலியஸ் என்னும் உடற்கூற்று அறிஞர் தம் பெருநூலை வெளியிட்டார். மார்பு திறக்கப்பட்ட விலங்கின் மூச்சுக்குழாயில் ஒரு நாணற்குழலைச் செருகி ஊதினால், சுருண்ட நுரையீரல் மீண்டும் எழும். ஓயவிருந்த இதயமும் வலிமை பெறும் என்று அதில் அவர் எழுதினார். 1667-இல் இராபர்ட் ஹுக் என்பவர் லண்டன் ராயல் சங்கத்தார் முன்னிலையில் இன்னும் ஒரு படி சென்றார். மார்பு திறந்த நாயின் நுரையீரலில் நுண்துளைகள் இட்டு, துருத்திகளால் இடைவிடாமல் காற்றைச் செலுத்தினார். நுரையீரல் அசையாமல் விரிந்தே நின்றது, நாயும் உயிரோடிருந்தது. உயிருக்கு வேண்டுவது நுரையீரலின் அசைவன்று, புதிய காற்றே என்பதை அவர் மெய்ப்பித்தார்.

இவ்விரு செய்திகளும் நூல்களில் அச்சேறி, நூலகங்களில் வீற்றிருந்தன. அவற்றை எழுதியவர்கள் உடலின் இயல்பை ஆராய்ந்தவர்கள். நோயாளியின் படுக்கையருகே நின்றவர்கள் வேறொரு கூட்டத்தினர். ஒருவர் கண்டதை மற்றவர் தம் தேவையோடு பொருத்திப் பார்க்கவில்லை. மயக்க மருந்தும் கிருமி நீக்கமும் கண்டுபிடிக்கப்படாத காலத்தில் மார்பைத் திறக்கும் எண்ணமே எவருக்கும் எழவில்லை என்பதையும் நாம் நியாயமாகக் கூறவேண்டும். ஆனால், அவையிரண்டும் கைவந்த பின்னரும் பழைய விடை நினைவுக்கு வர அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

இடையில், துணிவு ஒன்றையே துணையாகக் கொண்டு ஒருவர் மார்பைத் திறந்தார். 1896-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள், ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், கத்திக்குத்துப் பட்டு இதயத்திலேயே காயமுற்ற 22 வயது இளைஞர் ஒருவருக்கு லுட்விக் ரேன் என்பவர் சிகிச்சை செய்தார். விலா எலும்புகளின் இடையே வழி செய்துகொண்டு, துடிக்கும் இதயத்தின் காயத்தைப் பட்டு நூலால் மூன்று தையலிட்டு மூடினார். இளைஞர் பிழைத்தார். இதயத்தைத் தொட்டால் அது நின்றுவிடும் என்ற நம்பிக்கை அன்றோடு தகர்ந்தது. எனினும், இது கணப்பொழுதில் செய்து முடித்த தையல். நுரையீரலையோ உணவுக்குழாயையோ மணிக்கணக்கில் நின்று சீர்செய்வதற்கு இத்தகைய துணிவு மட்டும் போதாது.

காற்றின் தடையை நேருக்கு நேர் எதிர்கொண்டவர் பெர்டினாண்ட் சாவர்புரூக். அப்போது அவருக்கு முப்பது வயது நிரம்பவில்லை. இன்று போலந்து நாட்டில் விரோத்சுவாப் என வழங்கும் பிரெஸ்லா நகரில், மிக்குலிச் என்னும் பேராசிரியரின் உதவியாளராக அவர் பணியாற்றினார். அவர் சிந்தனை எளியது. வெளிக்காற்று உட்புகுவதால்தானே நுரையீரல் சுருள்கிறது? மார்பைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்தையே குறைத்துவிட்டால் என்ன? 1904-இல் அவர் காற்றுப் புகாத அறையொன்றைச் செய்வித்தார். நோயாளியின் உடலும் மருத்துவர்களும் அறைக்குள்ளே இருப்பர். நோயாளியின் தலை மட்டும், கழுத்தைச் சுற்றிய ரப்பர்ப் பட்டையின் வழியே வெளியே இருக்கும். அறையின் அழுத்தம் குறைக்கப்படும். நோயாளி இயல்பான வெளிக்காற்றையே சுவாசிப்பார்.

விலங்குகளிடம் இச்சோதனை வெற்றி பெற்றது. மனிதரிடம் முதன்முறை பயன்படுத்தியபோது நோயாளி பிழைக்கவில்லை. பின்னர் முறை செம்மையுற்றது. மருத்துவ உலகம் அவ்வறையைக் காணத் திரண்டது. ஆனால், அடைபட்ட அறைக்குள் வெப்பத்திலும் நெருக்கத்திலும் நின்றுகொண்டு சிகிச்சை செய்வது எத்துணை இடர்! மயக்க மருந்து கொடுப்பவர் ஒரு புறம், கத்தி பிடிப்பவர் மறு புறம், நடுவே சுவர். ஒவ்வொரு மருத்துவமனையும் இத்தகைய அறையைக் கட்டுவதும் இயலாது. ஆயினும் நாம் அம்முயற்சியை எளிதாக எண்ணலாகாது. தடை எதுவென்பதைத் தெளிவாகக் கூறி, அதை வெல்ல இயலும் என்று நிரூபித்தவர் சாவர்புரூக்கே.

எளிய வழி ஐந்தே ஆண்டுகளில் வந்தது. 1909-இல் நியூயார்க் ராக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் மெல்ட்சர், ஆவர் என்னும் இருவர், விலங்கின் மூச்சுக்குழாயில் மெல்லிய குழாயொன்றைச் செருகி, அதன் வழியே ஈதர் கலந்த காற்றை இடைவிடாமல் செலுத்தினர். நுரையீரல் விரிந்தே நின்றது; விலங்கும் மயங்கி உயிரோடிருந்தது. ஹுக் துருத்தி கொண்டு காட்டியதும் இதுவேயன்றோ! இரண்டுக்கும் இடையே 242 ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1910-இல் அதே நகரில் எல்ஸ்பர்க் என்பவர் இம்முறையை மனிதரின் மார்பு அறுவைக்குப் பயன்படுத்தினார். வெளியழுத்தத்தைக் குறைக்க ஓர் அறை தேவைப்பட்ட இடத்தில், உள்ளழுத்தத்தைக் கூட்ட ஒரு சிறு குழாய் போதுமாயிற்று.

அதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. 1913-இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்பவர், 67 வயது மூதாட்டி ஒருவரின் இடப்பக்க மார்பைத் திறந்து, புற்று படர்ந்த உணவுக்குழாயை அகற்றினார். அகற்றிய இடத்தை இணைக்கும் வழி அன்று இல்லை. ஆகவே, கழுத்தில் ஒரு துளையும் இரைப்பையில் ஒரு துளையும் அமைத்து, இரண்டையும் உடலுக்கு வெளியே ரப்பர்க் குழாயால் இணைத்தார். அம்மூதாட்டி அக்குழாய் வழியே உணவருந்திக்கொண்டு ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவ்வளவு அறிந்த பின்னரும் பழைய பாடம் ஒருமுறை மறக்கப்பட்டது. முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், அமெரிக்கப் படை முகாம்களில் நிமோனியா காய்ச்சல் பரவி, வீரர்களின் மார்பில் சீழ் கோத்தது. மருத்துவர்கள் வழக்கப்படி உடனே மார்பைத் திறந்து சீழை வடித்தனர். சராசரியாக 100 பேரில் 30 பேர் மாண்டனர். காரணத்தை ஆராய அமைத்த குழுவில் எவார்ட்ஸ் கிரஹாம் என்னும் இளம் மருத்துவர் இருந்தார். நோயின் தொடக்கத்தில் நீர் இன்னும் கெட்டியாகவில்லை. நுரையீரல் சுவரோடு ஒட்டவுமில்லை. அந்நிலையில் திறப்பதே வீரர்களைக் கொல்கிறது என்று அவர் கண்டார். ஊசியால் நீரை வாங்கிக்கொண்டு காத்திருப்பதும், காற்றுப் புகாதவாறு குழாயை நீருக்குள் அமிழ்த்தி வடிப்பதும் வழக்கத்திற்கு வந்தபின், இறப்பு 100-க்கு 5-க்கும் கீழே இறங்கியது. இந்த நீரடைப்பு முறையை ஹாம்பர்க் நகர மருத்துவர் பியூலாவ் 1891-லேயே விளக்கி எழுதியிருந்தார்.

அதே கிரஹாம் 1933 ஏப்ரல் 5-ஆம் நாள் செயின்ட் லூயி நகரில் ஓர் அரிய செயலைச் செய்தார். புற்றுநோய் கண்ட 48 வயது மருத்துவர் ஒருவரின் மார்பைத் திறந்தார். நுரையீரலின் ஒரு பகுதியை மட்டும் அகற்றுவதாகவே எண்ணியிருந்தார். உள்ளே பார்த்தபோது நோய் மேலும் படர்ந்திருந்தது. அங்கேயே முடிவு செய்து, இடப்பக்க நுரையீரல் முழுவதையும் ஒரே அமர்வில் அகற்றினார். வெற்றிடம் சுருங்கும்பொருட்டு விலா எலும்புகள் ஏழையும் எடுத்தார். நோயாளி பிழைத்துத் தம் தொழிலுக்குத் திரும்பி, 1963 வரை வாழ்ந்தார்.

இக்கதையின் எஞ்சிய பகுதி நெஞ்சை உருக்குவது. கிரஹாம் நெடுங்காலம் சிகரெட் புகைத்தவர். புகைக்கும் நுரையீரல் புற்றுக்கும் தொடர்பு உண்டு என்று வைண்டர் என்னும் மாணவர் கூறியபோது, முதலில் அவர் ஐயுற்றார். எனினும் ஆராய்ச்சிக்கு இடமளித்தார். 684 நோயாளிகளை ஆராய்ந்து, 1950-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட முடிவு அத்தொடர்பை உறுதி செய்தது. 1957-இல் கிரஹாம் நுரையீரல் புற்றினாலேயே காலமானார். இரு பக்கமும் நோய் பரவியிருந்தமையால், அவர் உலகுக்குக் கற்பித்த சிகிச்சை அவருக்குப் பயன்படவில்லை. அவரால் பிழைத்த நோயாளி, அவருக்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார்.

இவ்வெற்றிகளைக் கூறும்போது, கத்தி பிடித்தவரை மட்டும் போற்றி, நோயாளியின் தலைமாட்டில் நின்றவரை மறந்துவிடுகிறோம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு மயக்க மருந்து கொடுக்க வழி தேடிய மகில், ரோபாதம் என்னும் ஆங்கிலேயர் இருவரே மூச்சுக்குழாய்க் குழலைச் செம்மைப்படுத்தினர். 1942-இல் மாண்ட்ரியால் நகரில் கிரிபித் என்பவர், தசைகளைத் தளர்த்தும் கியூராரே மருந்தை மயக்க சிகிச்சையில் புகுத்தினார். அதன் பின்னர், நோயாளியின் மூச்சை முழுவதும் மயக்க மருந்து நிபுணரே ஏற்று நடத்தும் காலம் பிறந்தது. 1949-இல் ஸ்வீடன் நாட்டுக் கார்லன்ஸ் அமைத்த இரட்டைக் குழலால், ஒரு நுரையீரலுக்கு ஓய்வளித்து, மற்றொன்றால் மட்டும் மூச்சை நடத்தவும் முடிந்தது. இதயத்திற்குச் செல்லும் வழியும் இதனால் அகன்றது. 1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமியின் இதயத்தருகே பிறவியில் மூடாதிருந்த குழாயைக் கட்டினார். 1953-இல் கிப்பன் இதய நுரையீரல் எந்திரத்தின் துணையோடு இதயத்தையே திறந்தார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கு மார்பு நோய் என்றால் நெடுங்காலம் காச நோயே. 1915-இல் மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்திலும், 1928-இல் டாக்டர் சௌரி முத்துவின் முயற்சியால் தாம்பரத்திலும் எழுந்த சானடோரியங்களில், நோயாளிகள் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தனர். விலா எலும்புகளை வெளிப்புறமாக அகற்றி, நோயுற்ற நுரையீரலை அமுக்கி ஓய்வளிக்கும் கடுமையான அறுவை அக்காலத்தில் உலகெங்கும் வழங்கியது. 1940-களின் இறுதியில் அமெரிக்கரான டாக்டர் ரீவ் பெட்ஸ் வேலூருக்கு வந்தார். 1949-இல் அங்கு மார்பு அறுவைக்கெனத் தனித்துறை தோன்றியது. நாட்டில் முதன்முதலில் அமைந்தவற்றுள் அது ஒன்று. அங்குப் பயின்ற இளைஞர்கள் பிற மாநிலங்களுக்கும் அக்கலையைக் கொண்டு சென்றனர். 1960-களின் தொடக்கத்தில் அதே மருத்துவமனையில் டாக்டர் கோபிநாத் திறந்த இதய அறுவையை வெற்றியுடன் செய்தார்.

மார்பைத் திறக்கக் கற்ற காலத்திலேயே, திறக்க வேண்டாத வழியையும் சென்னை கண்டது. 1956-இல் அங்குத் தொடங்கிய காச நோய் மருந்து ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவுக்கு வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்தது. நெருக்கமான வீட்டில் எளிய உணவு உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறக்குறைய ஈடாகக் குணமடைந்தனர் என்பது 1959-இல் வெளியான முடிவு. மருந்து வலுப்பெறவே, விலா எலும்புகளை அகற்றும் அறுவை மெல்ல அருகியது. கத்தியின் தேவையைக் குறைப்பதும் மருத்துவத்தின் வெற்றியே.

இன்றும் புற்றுக்கும் விபத்துக்கும் இதயக் கோளாறுகளுக்கும் மார்பைத் திறக்க நேர்கிறது. தோரகாட்டமி என மருத்துவர் வழங்கும் அறுவையில், நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இரு விலா எலும்புகளின் இடையே கீறி, விரிப்பானால் அகற்றி உள்ளே செல்கின்றனர். சிறு துளைகளின் வழியே ஒளிக்குழாயைச் செலுத்தி, பெருங்கீறலைத் தவிர்க்கும் முறையும் 1990-களிலிருந்து பரவியுள்ளது.

சிகிச்சை முடிந்து வார்டுக்கு வரும் நோயாளியின் கட்டிலருகே, தரையில் ஒரு பாட்டில் இருக்கும். மார்பிலிருந்து வரும் குழாயின் முனை அதிலுள்ள நீரில் அமிழ்ந்திருக்கும். நோயாளி மூச்சு விடும்போது குழாயில் நீர் ஏறி இறங்கும். இருமும்போது குமிழிகள் எழும். உள்ளிருக்கும் காற்று வெளியேறலாம், வெளிக்காற்று உட்புகலாகாது என்பதே அந்நீரின் பணி. உடனிருக்கும் உறவினர் இடைஞ்சல் என்று கருதி அதைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்தல் ஆகாது. அதிலுள்ள நீர் மார்புக்குள் திரும்பிவிடும். தாமாகக் குழாயை மடித்துக் கட்டுதலும் ஆகாது. அண்டை வீட்டார் எவரேனும் மார்புச் சிகிச்சைக்குப் புறப்படுவாராயின், இச்செய்தியையும் அவருக்குச் சொல்லி அனுப்புவோம். நூற்றாண்டுகளாகப் பலர் உயிர் கொடுத்துக் கற்பித்த பாடம், அந்தப் பாட்டிலின் ஒரு சாண் நீரில் அடங்கியிருக்கிறது.